டி.எஸ்.எச். 7.9: இது கூடிக்கொண்டே போகுமா, தானாக இறங்குமா?

அலைவாய்க்கரை (தங்கச்சிமடம்)

எங்கள் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு வயது 36, அம்மாவுக்கு 68. தாளில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எனக்கு 7.9, அம்மாவுக்கு 6.4 என்று இருக்கிறது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 இருவருக்குமே இயல்பு எல்லைக்குள்தான். தாளைக் கொடுத்தவர், "ஆரம்பநிலை தைராய்டு. மாத்திரை தொடங்கிவிடுங்கள், தொடங்கினால் ஆயுளுக்கும் நிறுத்தக் கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்கு அசதி இருக்கிறது, முடி கொட்டுகிறது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடியற்காலையில் எழுபவளுக்கு அசதி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அம்மாவுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. "மீன் தின்று வளர்ந்த உடம்புக்குத் தைராய்டா?" என்று சிரிக்கிறாள்.

மாத்திரையைப் பற்றிப் பிறகு பேசலாம். இந்த லேசான குறைபாடு வருடங்கள் போகப் போக என்னதான் ஆகும்? எல்லாருக்கும் முற்றிப்போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்கற்கண்டு (திருப்புல்லாணி)

தங்கச்சி, பயப்படாதே. என் மனைவிக்கு 8.2 இருந்தது. மந்தாரைப் பட்டைக் கஷாயம் ஒரு மண்டலம் கொடுத்தோம். அடுத்த சோதனையில் 3.6. ஆங்கில மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இந்த எண்ணைக் காட்டிக் காட்டியே ஊரில் பாதிப் பெண்களை நோயாளி ஆக்கிவிட்டார்கள்.

ஊருணி (சொந்த ஊர் சாயல்குடி, மதுரையில் பொது மருத்துவர்)

முதலில் தங்கை கேட்டதற்குப் பதில்: எல்லாருக்கும் முற்றுவதில்லை. சிலருக்கு முற்றுகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறது, கணிசமானவர்களுக்குத் தானாகவே இயல்புக்குத் திரும்புகிறது. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை ஒரே ஒரு தாளை வைத்துச் சொல்ல முடியாது. முகாமில் அப்படிச் சொன்னது அவசரம்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. விசைப்படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிவிட்டால் அதே வேகத்தில் போக எஞ்சினைக் கூடுதலாக முடுக்க வேண்டும் அல்லவா? படகின் வேகம்தான் டி4, முடுக்குவதுதான் டி.எஸ்.எச். உங்கள் இருவருக்கும் வேகம் குறையவில்லை, முடுக்கு மட்டும் கூடியிருக்கிறது. இந்த முடுக்கு மிக நுட்பமானது. ஒருவருடைய டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு ஏறும். ஆகவே இயல்பின் உச்ச எல்லையான 4-ஐத் தாண்டி 7.9-க்குப் போனதைப் பார்த்து, சுரப்பி பாதி செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே நடந்திருக்கும் மாற்றம் மிகச் சிறியது.

ஏன் நடக்கிறது? அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால்தான். 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். ரத்த வெள்ளணுக்கள் சுரப்பிக்குள் புகுந்து மெல்ல மெல்ல அரிக்கின்றன. இந்த மெல்ல என்பது பத்து, இருபது வருடமாகவும் இருக்கலாம். அரிப்பு நடக்கிறதா என்று காட்டுவது ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிரணுச் சோதனை. சுரப்பிக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் எதிரணு என்கிறேன். அதை எடுத்தீர்களா?

பனங்கற்கண்டு அண்ணனுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். ஒரு நோயாளி காத்திருக்கிறார்.

அலைவாய்க்கரை

ஆன்டி டி.பி.ஓ. எடுக்கவில்லை டாக்டர். தாளில் அப்படி ஒரு வரியே இல்லை.

சோதனைக்குழாய் (மண்டபம், ஆய்வகத் தொழில்நுட்பர்)

அக்கா, முகாமில் எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள்? ஏன் கேட்கிறேன் என்றால் டி.எஸ்.எச். நாள் முழுதும் ஒரே அளவில் நிற்காது. நள்ளிரவை ஒட்டியும் பின்னிரவிலும் உச்சத்துக்குப் போகும், பிற்பகலில் அடிமட்டத்துக்கு இறங்கும். இரவு தூங்காவிட்டாலும் கூடும். படகு கரைக்கு வரும் இரவில் விழித்திருந்து மீன் ஏலம் முடித்துவிட்டு அப்படியே காலை ஆறு மணிக்கு வந்து கையை நீட்டுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பாசி எடுக்கும் அக்காமார் சிலர் விரலில் சுற்றிய துணிக் கிழிசலைக்கூட அவிழ்க்காமல் கரையிலிருந்து நேராக வருவார்கள். கடல் நீரில் ஊறிய கையில் நரம்பு தேடுவது தனிக் கலை. அது கிடக்கட்டும்.

மறுமுறை எடுக்கும்போது அதே ஆய்வகத்தில், அதே காலை நேரத்தில், ஒழுங்காகத் தூங்கி எழுந்த நாளில் எடுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி மாறும், இயல்பு எல்லையும் மாறும். ஒரு தாளில் உச்ச எல்லை 4.0 என்றும் இன்னொன்றில் 5.5 என்றும் போட்டிருப்பதைப் பார்த்துச் சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

இன்னொன்று. காய்ச்சல் ஏதாவது வந்து தேறிய சமயமா? உடம்பு நோயிலிருந்து மீளும் வாரங்களில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறிப் பிறகு இறங்கும்.

முடி கொட்டுகிறது என்றீர்களே, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவற்றில் பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். சில கருவிகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சோதனைக்கு இரண்டு நாளாவது முன்னால் நிறுத்திவிடுங்கள். கூடியிருப்பது குறைந்ததாகத் தெரிந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அதுதான் ஆபத்து.

அலைவாய்க்கரை

காய்ச்சல் வந்தது உண்மை தம்பி, முகாமுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான். ஊரே படுத்திருந்தது. பயோட்டின் சாப்பிடவில்லை, ஆனால் வாங்கி வைத்திருக்கிறேன்!

தொண்டி வாத்தியார்

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் நான். என் மனைவிக்கு இதே பிரச்சினை வந்தபோது தேடிப் படித்ததைத் தருகிறேன்.

வருடங்கள் போகப் போக என்ன ஆகும் என்ற கேள்விக்கு உலகத்தில் எல்லாரும் சுட்டும் ஆய்வு இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள விக்கம் என்ற ஊரில் நடந்தது. 1972 முதல் 1974 வரை அங்கே 2,779 பேரைச் சோதித்தார்கள். இருபது வருடம் கழித்து, உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். முடிவு 1995-இல் வெளியானது. பெண்களைப் பொறுத்தவரை அது சொல்வது இதுதான்: டி.எஸ்.எச். கூடுதல், எதிரணுவும் உண்டு என்ற இரண்டும் சேர்ந்தவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் 4.3 பேர் முழுக் குறைபாட்டுக்குப் போனார்கள். டி.எஸ்.எச். மட்டும் கூடியிருந்தவர்களில் 2.6 பேர். எதிரணு மட்டும் இருந்து டி.எஸ்.எச். இயல்பாக இருந்தவர்களில் 2.1 பேர். இருபது வருடத்துக்குக் கூட்டினால் முறையே 55, 33, 27 சதவீதம்.

55 என்றதும் சிலருக்கு நெஞ்சு அடைக்கும். இருபது வருடம் கழித்தும் முற்றாதவர்கள் 45 சதவீதம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வகுப்பில் நான் இதைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், இங்கே யாரும் விட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஊருணி

வாத்தியார் ஐயா சரியாகச் சொன்னார். ஆனால் அது இங்கிலாந்து மக்களின் கணக்கு. நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் மேல் அந்தச் சதவீதத்தை அப்படியே ஒட்டக் கூடாது. அது திசையைக் காட்டும், தேதியைக் காட்டாது. நடைமுறையில் நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். டி.எஸ்.எச். 10-க்குக் கீழா மேலா, எதிரணு இருக்கிறதா, வயது என்ன, குழந்தைப்பேறு திட்டத்தில் இருக்கிறதா. 10-க்கு மேல் நிலைத்து நிற்பவர்களும் எதிரணு அதிகம் உள்ளவர்களும்தான் பெரும்பாலும் முன்னேறிப் போகிறார்கள். முன்னேற்றமும் நேர்கோட்டில் வராது. ஐந்து வருடம் 6-க்கும் 8-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பிரசவத்துக்குப் பிறகு அல்லது ஒரு புதிய மருந்துக்குப் பிறகு சட்டென்று 15-க்குப் போவதும் உண்டு. கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர்கள் ஆகியோரைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இப்போது பனங்கற்கண்டு அண்ணனுக்கு. இஸ்ரேலில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பரிசோதனைப் பதிவுகளை ஐந்து வருடத்துக்குப் புரட்டிப் பார்த்து 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. முதல் சோதனையில் 5.5-க்கும் 10-க்கும் இடையே இருந்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு, பின்னால் எடுத்த சோதனையில் இயல்பாக வந்துவிட்டது. அவர்கள் தைராய்டு மருந்து எடுக்காதவர்கள். மந்தாரையும் குடித்திருக்க மாட்டார்கள். அண்ணிக்கு 8.2 இறங்கி 3.6 ஆனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எதைக் குடித்திருந்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இறங்கியிருக்கும் என்னும்போது, இறக்கியது கஷாயம்தான் என்று எப்படிச் சொல்வது?

பனங்கற்கண்டு

டாக்டர், அதே கணக்கை உங்கள் மாத்திரைக்கும் போடுங்கள். மாத்திரை தின்று இறங்கியவர்களில் பாதிப் பேருக்கு அது இல்லாமலே இறங்கியிருக்கும் அல்லவா?

ஊருணி

போடத்தான் வேண்டும். லேசான நிலையில் முதல் தாளைப் பார்த்த உடனே மாத்திரை எழுதினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது. தேவையில்லாதவருக்குத் தொடங்கிவிட்டு, அடுத்த சோதனை இயல்பானதும் "பார்த்தீர்களா, மாத்திரை வேலை செய்கிறது" என்று சொல்லி ஆயுளுக்கும் ஓட்டுகிறார்கள். ஆகவேதான் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுசோதனை என்கிறோம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. டி4 உண்மையிலேயே விழுந்துவிட்டவருக்குக் கஷாயம் அதை ஈடுகட்டாது, மாத்திரை ஈடுகட்டும்.

தொண்டி வாத்தியார்

அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. ஒப்புக்கொள்ள மனம் வராவிட்டாலும் நல்ல கேள்வி.

உப்பளத்தான் (வாலிநோக்கம்)

எல்லாரும் எதிரணு எதிரணு என்கிறீர்கள், உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உப்பளத்திலிருந்து நேராக வரும் கல் உப்புதான். பாத்தியில் வாரிய உப்பைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்தால் வருடம் ஓடும். பாக்கெட் உப்பு ருசிக்காது என்பார்கள். கடல் தண்ணீரில் காய்ச்சிய உப்பு, அதில் இல்லாத அயோடினா? எனக்கு 44 வயது, டி.எஸ்.எச். 5.9. உப்பு காரணமா, சொல்லுங்கள்.

சோதனைக்குழாய்

அண்ணே, கடல் நீரில் அயோடின் இருப்பதே மிகக் கொஞ்சம். பாத்தியில் படியும் உப்பில் அது பேருக்குக்கூட மிஞ்சாது. அதனால்தான் மேலே தெளிக்கிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்ண விற்கக் கூடாது என்று 2006 முதல் நாடு முழுக்கத் தடை. வாங்கும் கையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. கருவாடு போடவும் சாக்கு உப்புதான், அதிலும் சேர்ப்பதில்லை.

ஊருணி

உப்பளத்தான் அண்ணன் கேட்டதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. கர்ப்பிணி, பாலூட்டுபவர், சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாக்கெட் உப்புதான் இருக்க வேண்டும். அதில் விவாதமே இல்லை. ஆனால் வாரம் நான்கு நாள் மீனும் இறாலும் சாப்பிடும் உங்களுக்கு 5.9 வந்ததற்கு உப்பைக் குற்றம் சொல்வது கடினம். 2013-இல் வெளியான எட்டு நகர ஆய்வில் 5,376 பேரைப் பார்த்தார்கள். 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு, எதிரணு இருந்தவர்கள் ஏறத்தாழ 22 சதவீதம். சென்னை, மும்பை, கோவா போன்ற கடலோர ஊர்களில் 9.45 சதவீதம், உள்நாட்டு நகரங்களில் 11.73. கடலோரத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. தங்கையின் அம்மா சிரித்தாலும் மீன் முழுக் கவசம் ஆகாது. அயோடின் பரவலாகக் கிடைக்கும் மக்களிடமும் எதிரணு நோய் இருக்கத்தான் செய்கிறது.

எதிரணு உள்ளவர்கள் அயோடினை அளவுக்கு மீறி ஏற்றினால் நோய் முற்றுவது விரைவுபடலாம். அளவுக்கு மிஞ்சிய அயோடின் சுரப்பியைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். நல்ல சுரப்பி சில நாளில் மீண்டுவிடும், நோயுற்ற சுரப்பி மீளத் தடுமாறும். இணையத்தில் கடற்பாசி மாத்திரை என்று விற்பதை வாங்கித் தின்றுவிட்டு வருபவர்களை நான் பார்க்கிறேன்.

சங்குகுளி (ஏர்வாடி)

டாக்டர், பாசி என்றதும் ஒரு சந்தேகம். மனைவி மண்டபத்துப் பக்கம் மிதவையில் பாசி வளர்க்கிறாள். நாள் முழுக்க நீரிலும் பாசியிலும்தான் கை. அதனால் தைராய்டு வருமா?

ஊருணி

வராது தம்பி. தொடுவதால் அல்ல, தின்பதால்தான் அயோடின் உள்ளே போகும். மிதவையில் வளரும் கப்பாபைகஸ் காரஜீனன் எடுக்கப் போகிறது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகர் செய்யப் போகிறது. கையில் விழும் வெட்டுக்காயமும் வெயிலில் காயும் தோலும்தான் அவர்களுக்குத் தொல்லை.

சங்குகுளி

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அப்பாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவதற்கு அமியோடரோன் கொடுக்கிறார்கள். ஒரு வருடமாகிறது. சென்ற மாதம் டி.எஸ்.எச். 11. முன்பு இயல்பு.

ஊருணி

இது வேறு கதை, தள்ளிப்போட வேண்டாம். 200 மில்லிகிராம் அமியோடரோன் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. நாள் தேவையோ 150 மைக்ரோகிராம்தான். கணக்கு வாத்தியார் போடட்டும். அப்பாவின் தாளை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கும் இதய மருத்துவரிடமே போங்கள். அமியோடரோனை நீங்களாக நிறுத்தவே கூடாது. பெரும்பாலும் அதைத் தொடர்ந்துகொண்டே தைராய்டு மாத்திரையைக் குறைந்த அளவில் சேர்ப்பார்கள்.

தொண்டி வாத்தியார்

500 மடங்கு.

கீழக்கரை லாத்தா

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு வயது 29. மாப்பிள்ளை துபாயில், விடுப்பில் வரப் போகிறார். குழந்தைக்காகத்தான் காத்திருக்கிறோம். டி.எஸ்.எச். 5.3, ஆன்டி டி.பி.ஓ. உண்டு, டி4 இயல்பு. "10-க்குக் கீழ்தானே, விட்டுவிடு" என்று மாமியார் சொல்கிறார், "மாத்திரை தின்றால்தான் பிள்ளை தங்கும்" என்று நாத்தனார் சொல்கிறார். எதைக் கேட்பது?

ஊருணி

தங்கை, "10-க்குக் கீழ் விட்டுவிடலாம்" என்பது கருத்தரிக்க முயலும் பெண்ணுக்குப் பொருந்தாது. 2019-இல் ஒரு சர்வதேசக் குழு, லேசான குறைபாட்டுக்கு வழக்கமாக மாத்திரை தர வேண்டாம் என்று வலுவாகப் பரிந்துரைத்தபோதுகூட, குழந்தைப்பேறுக்கு முயல்பவர்களையும், டி.எஸ்.எச். 20-க்கு மேல் போனவர்களையும், கடுமையான அறிகுறி உள்ளவர்களையும், மிக இளம் வயதினரையும் அதிலிருந்து விலக்கியே வைத்தது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தைக்குத் தாயின் ஹார்மோன்தான். தேவை கூடும்போது, எதிரணு அரித்த சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம்.

உங்கள் எண்ணும் எதிரணுவும் சேரும்போது, மாப்பிள்ளை வருவதற்கு முன்பே மகப்பேறு மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் சிறிய அளவில் தொடங்கி, 2.5-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். மாதவிலக்கு தள்ளிப்போனதுமே மறுபடி சோதனை. பிள்ளை தங்குமா தங்காதா என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. நாத்தனார் சொன்ன அளவுக்கு உறுதியாக என்னால் சொல்ல முடியாது, மாமியார் சொன்ன அளவுக்கு அலட்சியமாகவும் இருக்க முடியாது. பிரசவம் முடிந்த ஆண்டிலும் விடாமல் பாருங்கள். எதிரணு உள்ளவர்களுக்கு அப்போதுதான் சுரப்பி அதிகம் ஆட்டம் காணும்.

கீழக்கரை லாத்தா

அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். இன்னொரு கேள்வி. மாத்திரை வெறும் வயிற்றில் என்கிறார்கள். நோன்பு மாதத்தில் என்ன செய்வது?

மாத்திரைக்காரர் (இராமநாதபுரம், மருந்தாளுநர்)

இதற்கு நான் பதில் சொல்கிறேன் லாத்தா, கீழக்கரையிலிருந்தும் பனைக்குளத்திலிருந்தும் வருடா வருடம் கேட்கிற கேள்வி. இரண்டு வழி. ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) எழுந்ததும் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியாவது கழித்துச் சாப்பிடுவது ஒன்று. நோன்பு திறந்து கஞ்சி, வடை, சாப்பாடு எல்லாம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடித்துப் படுக்கப் போகும்போது போடுவது இன்னொன்று. ஸஹருக்குக் கடைசி நிமிடத்தில் எழுபவர்களுக்கு இரண்டாவதுதான் சரிப்படும். எதைத் தேர்ந்தாலும் மாதம் முழுக்க அதையே பிடியுங்கள். நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அலைவாய்க்கரை

மறுசோதனை முடிந்துவிட்டது. தம்பி சொன்னபடி நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில், அதே ஆய்வகத்தில்.

அம்மாவுக்கு 4.4, எதிரணு இல்லை. எனக்கு 9.1, டி4 இயல்புக்குள்தான் ஆனால் முன்பைவிடக் கீழே. ஆன்டி டி.பி.ஓ. பல மடங்கு கூடுதல். கூடவே இங்குள்ள மருத்துவர் பார்க்கச் சொன்னதால் ரத்தச் சோகையும் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.2. மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு அதிகம் என்பதை யாரிடமும் சொன்னதே இல்லை.

ஊருணி

அம்மாவை விட்டுவிடுங்கள். 68 வயதில் 4.4-க்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, 6.4-ஆகவே நின்றிருந்தாலும் பெரும்பாலும் செய்திருக்க மாட்டேன். வயது ஏற ஏற இயல்பு எல்லையே மேலே நகர்கிறது. 65-க்கு மேற்பட்ட 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்திய ஆய்வு 2017-இல் வந்தது. பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அசதியிலோ மற்ற தொல்லைகளிலோ வித்தியாசமே இல்லை. முதியவர்களுக்கு அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். வருடம் ஒருமுறை பார்த்தால் போதும்.

உங்கள் கதை வேறு. இரண்டு முறை கூடுதல், போகும் திசை மேல்நோக்கி, எதிரணு பல மடங்கு. வாத்தியார் சொன்ன முதல் கூட்டத்தில் இருக்கிறீர்கள். இதில் இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. மாத்திரை இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்து, 10-ஐத் தாண்டினால் தொடங்குவது. அல்லது இப்போதே சிறிய அளவில் தொடங்கி, சில மாதம் கழித்து உடம்பில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்துவது. உங்கள் வயதில், மாதவிலக்கு மிகுதியும் சேர்ந்திருப்பதால் நானாக இருந்தால் இரண்டாவதையே பேசிப் பார்ப்பேன். ஆனால் நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் ரத்தச் சோகை. 9.2-ஐ வைத்துக்கொண்டு அசதிக்குத் தைராய்டை மட்டும் குற்றவாளி ஆக்கினால், மாத்திரை போட்டும் அசதி போகவில்லை என்று வந்து நிற்பீர்கள்.

பனங்கற்கண்டு

இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை என்று சொன்னால் அடிக்க வருவீர்களா டாக்டர்?

ஊருணி

வர மாட்டேன் அண்ணே. கீரையும் சாப்பிடட்டும், இரும்பு மாத்திரையும் சாப்பிடட்டும். 9.2-லிருந்து கீரை மட்டும் ஏற்றிவிடாது.

உப்பளத்தான்

எனக்கு எதிரணு இல்லை என்று வந்துவிட்டது, டி.எஸ்.எச். 5.1. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வீட்டில் பாக்கெட் உப்பு வாங்கியாயிற்று. மருமகள் மாசமாக இருக்கிறாள். ருசிக்கு அம்மா இன்னும் சண்டை போடுகிறாள்.

அலைவாய்க்கரை

இங்குள்ள மருத்துவரும் 25 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்லிவிட்டார். இரும்பு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். மாத்திரைக்கார அண்ணே, வீட்டுக்காரர் கடலுக்குப் போகும் நாளில் நான் மூன்று மணிக்கே எழுந்து தேநீர் போடுவேன். மற்ற நாளில் ஆறு மணி. எப்போது போடுவது? இரும்பு எப்போது?

மாத்திரைக்காரர்

எழுந்ததும் தண்ணீரில் போட்டுவிடுங்கள் தங்கச்சி, மூன்றானாலும் ஆறானாலும். நேரம் முன்பின் ஆவதால் குடி முழுகிவிடாது. அது உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். வெறும் வயிறாக இருப்பதுதான் முக்கியம். தேநீரும் காபியும் அரை மணிக்கு, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. இரும்பு, கால்சியம் இரண்டும் தைராய்டு மாத்திரையை உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும், ஆகவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் வந்தால் சொல்லுங்கள், வேறு வகை இருக்கிறது.

டப்பாவை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் உப்புக் காற்றுக்கும் அடுப்பு வெக்கைக்கும் மாத்திரை வீரியம் இழக்கும். கைப்பையில் வைத்துக்கொண்டு சந்தைக்கும் போக வேண்டாம். மாத்திரைகளைத் தனித்தனியாக எடுத்து வேறு டப்பாவில் கொட்டவும் வேண்டாம். முதல் சோதனை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். அதற்கு முன் எடுத்தால் அளவு நிலைபெற்றிருக்காது. அன்று காலை மாத்திரையைப் போடாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுங்கள். தாள் வந்ததும் இங்கேயே போடுங்கள், டாக்டரும் பார்ப்பார்.